கெஸ்ட் டூல்ஸும் ஒரு கல்யாண கார்டும்

எங்கள் அப்பா ஒரு கல்யாண கார்டில் செத்துப்போனார். உண்மையில் அவர் இன்றைக்கும் செலண்டார் என்ற ஊரில் நன்றாகத்தான் இருக்கிறார். மூன்று வேளை சோறு, சாயங்காலம் காப்பிக் கடை, பக்கத்தில் இன்னொரு குடும்பம் என்று ஒரு குறையும் இல்லை. ஆனால் என் தங்கையின் கல்யாணத்துக்கு அச்சடித்த கார்டில் அவர் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று இருந்தது. அந்தக் கார்டை வடிவமைத்தது நான். அந்தச் சொல்லை நீக்கியதும் நான்தான். நீக்கிய சொல் எப்படித் திரும்பி வந்தது என்று சொல்வதற்கு எங்கள் கடையின் கணினியிலிருந்து தொடங்க வேண்டும்.

மலாக்கா டவுனில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாண கார்டு, காதணி விழா, கோயில் திருவிழா நோட்டீஸ், கருமக்கிரியை அறிவிப்பு என்று தமிழில் அடிக்க வேண்டியதெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். எங்கள் பாஸ் ஒரு காலத்தில் ஆசை ஆசையாக வாங்கி வைத்த தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. வளைந்து நெளிந்து கொடி மாதிரி ஓடும். ஊரில் எல்லாருக்கும் அந்த எழுத்துதான் வேண்டும், அது இல்லையென்றால் கல்யாணமே நடக்காது என்பதுபோல முகத்தைச் சுளிப்பார்கள். அந்த எழுத்துருக்கள் ஒரு பழைய மென்பொருளில் மட்டும்தான் ஒழுங்காக உட்காரும். அந்தப் பழைய மென்பொருளைப் புதிய மேக் கணினி திறக்காது.

அதனால் புதிய மேக்கின் உள்ளே ஒரு பழைய மேக்கை வைத்திருக்கிறோம். பொம்மை இல்லை, ஒரு ஜன்னலுக்குள் பழைய மேக்ஓஎஸ் முழுதாக ஓடும். வெளியே இருப்பதை ஹோஸ்ட் என்பார்கள், உள்ளே இருப்பதை கெஸ்ட் என்பார்கள். வீட்டுக்காரர், விருந்தாளி. விருந்தாளிக்குச் சொந்தமாகத் திரை கிடையாது. வீட்டுக்காரர் ஒதுக்கிக் கொடுக்கும் இடத்தில் இருந்துகொள்ள வேண்டியதுதான். இரண்டு பேரும் ஒத்துப்போவதற்கு கெஸ்ட் டூல்ஸ் என்று ஒன்றை உள்ளே போட வேண்டும். அது சரியாக இருந்தால்தான் உள்ளே இருக்கும் திரை ஜன்னல் அளவுக்கு விரியும், மௌஸ் இழுத்த இழுப்புக்கு வரும், உள்ளே செய்த கார்டை வெளியே எடுப்பதற்கான பொது ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு நாள் ஏதோ அறிவிப்பு வந்தது என்று பாஸ் வெளியே இருக்கும் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டார். உள்ளே இருக்கும் கெஸ்ட் டூல்ஸைப் புதுப்பிக்கவில்லை. மறுநாள் நான் வந்து திறந்தால் பழைய மேக் திரையின் நடுவில் ஒரு தபால் அட்டை அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது, சுற்றிலும் கறுப்பு. மௌஸ் ஒரு பக்கம் போனால் அம்புக்குறி யோசித்து யோசித்து வருகிறது. பொது ஃபோல்டரைக் காணோம். கெஸ்ட் டூல்ஸ் பழையதாகிவிட்டது, புதுப்பிக்கவும் என்று மூலையில் ஒரு வரி மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

"அப்புறம் பார்த்துக்கலாம் லா, இப்ப ஓடுதுல்ல?" என்றார் பாஸ். ஓடியது. ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் வாசகத்தை வெளியே நகலெடுத்து உள்ளே ஒட்ட முடியாது. ஒவ்வோர் எழுத்தாக உள்ளே உட்கார்ந்து அடிக்க வேண்டும். அந்த வாரம்தான் என் தங்கையின் கார்டு வேலையும் வந்தது.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் மூன்று பேர்: அண்ணன், நான், தங்கை. தங்கை நடை பழகும் முன்பே அப்பா போய்விட்டார். அம்மா குருபோங்கில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைத்து எங்களை வளர்த்தார். அண்ணன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு லோரி ஓட்டினான், தங்கையைப் படிக்க வைத்தான். அவன் கோபத்துக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன்.

அம்மா மட்டும் தாலியைக் கழற்றவில்லை. பொட்டும் பூவும் அப்படியே இருந்தன. ஓடிப்போனவனுக்காக இது எதற்கு என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். ஒரு தடவை நானும் கேட்டேன். அம்மா சட்டியைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார்.

"அந்த ஆளுக்காகன்னு நினைச்சியா? என் பிள்ளைங்க கல்யாணத்துல நான் முன்னுக்கு நிக்கணும். இது இல்லைன்னா என்னைய எவன் முன்னுக்கு விடுவான்?"

அவ்வளவுதான். அந்தத் தாலியில் காதலும் இல்லை, கற்பும் இல்லை. அது மேடை ஏறுவதற்கான அனுமதி. அண்ணன் கல்யாணத்தில் பெண் வீட்டார் கைதான் ஓங்கியிருந்தது. என் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்தோடு முடிந்தது, அங்கே தாரை வார்க்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க அம்மாவுக்கு மிச்சம் இருந்தது தங்கை ஒருத்திதான்.

தாரை வார்க்கத் தாயும் தகப்பனும் சேர்ந்து உட்கார வேண்டும். அதற்காக அம்மா என்ன செய்தார் தெரியுமா? யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்துச் செலண்டாருக்குப் போனார். அந்த இன்னொரு வீட்டின் கதவைத் தட்டி, ஒரு மணி நேரம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போ என்று கேட்டார். திரும்பி வந்து, "வர்றேன்னு சொல்லிட்டாரு" என்று மட்டும் சொன்னார். அங்கே யார் கதவைத் திறந்தது, உட்காரச் சொன்னார்களா, தண்ணீர் கொடுத்தார்களா, எதுவும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இது அண்ணன் காதுக்குப் போன அன்றைக்குத்தான் அவன் கார்டு வாசகத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். சுருங்கிக் கிடந்த அந்தத் திரைக்குள் உட்கார்ந்து அடித்துக்கொண்டே வந்தேன். 'அமரர்' என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. பக்கத்தில் அப்பாவின் பெயர். சண்டையை அம்மா வீட்டில் போட்டுக்கொள்ளலாம், கடையில் வேண்டாம் என்று வந்தது வந்தபடி அடித்துச் சேமித்து வைத்தேன். நான் கிளம்பும்போது பாஸ் அந்தப் பழைய மேக்குக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டிருந்தார். கெஸ்ட் டூல்ஸைப் புதுப்பிக்கும் முன்னால் எடுத்து வைக்கும்படி கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்லியிருந்தார். ஸ்னாப்ஷாட் என்றால் உள்ளே இருக்கும் மேக் அந்த நிமிடம் எப்படி இருக்கிறதோ அப்படியே பிடித்து வைப்பது. பின்னால் ஏதாவது கெட்டுப்போனால் ஒரு சொடுக்கில் அந்த நிமிடத்துக்கே திரும்பிவிடலாம். அதற்குப் பிறகு செய்தது எதுவும் இருக்காது.

அன்றைக்கு அம்மா வீட்டில் வாய்ச்சண்டை முற்றிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

"நமக்கு அந்த ஆளு செத்து ரொம்ப நாளாச்சு. உள்ளதத்தான் எழுதினேன்," என்றான் அண்ணன். "நானும் என் பொண்டாட்டியும் தாரை வார்க்குறோம். அவளைப் படிக்க வச்சது நான்."

"அப்ப நான்?" என்றார் அம்மா.

"நீ கீழ முன் வரிசையில உட்காரு. யாரு வேணாங்கிறது?"

"கேன்டீன்ல சட்டி கழுவுனது கீழ உட்காரத்தானா?"

"அந்த ஆளோட மேடையில உட்கார உனக்கு அசிங்கமா இல்லையாம்மா?"

"இத்தனை வருசமா அசிங்கந்தான்டா. அன்னிக்கு ஒரு நாளு இல்லாம இருந்துட்டுப் போகட்டுமே."

அண்ணன் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அண்ணி பின்னாலேயே போனாள். கொஞ்ச நேரத்தில், "உங்க இஷ்டம்" என்று அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக 'அமரர்' என்பதை நீக்கிவிட்டு 'திரு' என்று போட்டேன். அம்மாவும் கடைக்கு வந்தார். திரை சின்னதாக இருந்ததால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். தன் பெயரையும் அப்பாவின் பெயரையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "சரியா இருக்கு" என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்றால் கோப்பை வெளியே எடுக்க வேண்டும், பொது ஃபோல்டரோ இன்னும் வரவில்லை. சேலை எடுக்கக் கிள்ளானுக்குப் போக வேண்டிய நாளும் வந்துவிட்டது. பாஸிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

"பாஸ், என் தங்கச்சி கார்டுல திருத்தம் பண்ணிருக்கேன். ஸ்னாப்ஷாட்டுக்கு அப்புறம் பண்ணது. வெளிய எடுக்க முடியல, உள்ளதான் இருக்கு. நான் வர்ற வரைக்கும் ரிவர்ட் பண்ணிப் பழைய நிலைக்கு மட்டும் போயிடாதீங்க."

"ஓகே லா. நீ போய்ச் சேலை எடு."

கிள்ளானில் தங்கை பச்சையா அரக்கா என்று முடிவு செய்ய முடியாமல் நின்றுகொண்டிருந்தபோது பாஸ் ஒரு படம் அனுப்பினார். பழைய மேக் திரை முழுக்க விரிந்து நின்றது, கறுப்பு ஓரம் போயே போய்விட்டது. கீழே ஒரு கட்டைவிரல் வேறு. ரெட்டினா திரைக்கு முழுத் தெளிவு என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதையும் அழுத்திவிட்டிருந்தார். அதை அழுத்தினால் திரையில் எல்லாமே கூர்மையாகத் தெரியும், ஆனால் எறும்பு அளவுக்குச் சிறுத்துவிடும். படத்தில் கார்டு ஒரு மூலையில் திறந்திருந்தது, ஓர் எழுத்தும் படிக்க முடியவில்லை. கடைசியில் கெஸ்ட் டூல்ஸ் சரியாகிவிட்டதே என்று எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது கார்டு அடித்து முடிந்து, அண்ணன் வந்து எடுத்துக்கொண்டும் போய்விட்டான். மேசையில் மாதிரிக்கு ஒன்று கிடந்தது. ரோஜா நிறம், தங்கக் கரை, கொடி மாதிரி ஓடும் எழுத்து. அம்மாவின் பெயருக்கு மேலே அப்பாவின் பெயர், அதற்கு முன்னால் அமரர்.

பாஸ் நடந்ததைச் சொன்னார். கெஸ்ட் டூல்ஸை உள்ளே போட்டிருக்கிறார். பாதுகாப்பு அமைப்பில் போய் அனுமதி கொடுக்கச் சொல்லிப் பழைய மேக் கேட்டிருக்கிறது. அதைப் படிக்காமல் மூடிவிட்டு மேக்கை மறுபடியும் தொடங்கியிருக்கிறார். திரை முழுக்கக் கறுப்பு. பயந்துபோய் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிட்டார். இரண்டாவது தடவை கம்ப்யூட்டர் கடைக்காரர் போனில் சொல்லச் சொல்ல அனுமதி கொடுத்துச் சரியாகச் செய்துவிட்டார். ஃபோல்டர் வந்தது, கார்டை எடுத்தார், அச்சுக்கு அனுப்பினார். அண்ணன் அவசரம் என்று இரண்டு தடவை போன் செய்தானாம்.

"நான் சொல்லிட்டுத்தானே போனேன்?"

"சொன்ன. ஸ்கிரீன் கறுப்பாயிருச்சே, வேற என்ன செய்றது? ஏதோ சின்னத் திருத்தம்னு நினைச்சேன் லா. உங்கப்பா இருக்காரா? நீ சொன்னதே இல்லையே!"

சொன்னதில்லைதான். ஆனால் என் அப்பா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது தெரிந்தால்தான் என் பேச்சைக் கேட்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறதா? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கணினியைத் தூக்கி வீதியில் போட்டிருப்பேன். அதற்குப் பதிலாக அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"கார்டைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டுமா எல்லாருக்கும் கொடுத்துக்கிட்டு இருக்க?"

"நான் ஒண்ணும் பண்ணல. நீ எடுத்துட்ட, அதுவே போட்டிருக்கு. மெஷினுக்கே தெரியுது பாரு," என்றான். சிரித்த மாதிரி இருந்தது.

வேறு கார்டு அடிக்கலாம் என்றேன். பாஸ் தன் செலவிலேயே அடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டார் என்றேன். அண்ணன் அதற்கும் பதில் வைத்திருந்தான். அண்ணி காரில் போய்ப் பாதிச் சொந்தங்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தாகிவிட்டது, இனிமேல் புதுக் கார்டு கொண்டு போனால் செத்தவர் எழுந்து வந்துவிட்டாரா என்று கேட்டுச் சிரிப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மானம் போகும். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. பொய் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அம்மாவிடம் நானே கார்டைக் கொண்டு போய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். திரையில் குனிந்து பார்த்ததுபோல இப்போது குனியவில்லை, கை நீளத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி தட்டில் வைத்தார். முதல் கார்டு சாமிக்கு, அது வழக்கம். நான் அழுதேன். அம்மா அழவில்லை.

"உங்கப்பாவுக்குச் சொல்லிரு. இருந்தாலும் வந்துரச் சொல்லு. வந்து உட்கார்ந்துட்டாருன்னா அப்புறம் யாரு என்ன சொல்லப் போறாங்க?" என்றார்.

நான் சொல்லப் போகத் தேவை இருக்கவில்லை. யாரோ வாட்ஸ்அப்பில் கார்டைப் படம் பிடித்துப் போட, அது செலண்டார் வரைக்கும் போய்விட்டது. அப்பாவே கடைக்கு வந்தார். பல வருடங்களுக்குப் பிறகு அவரை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறேன். தலைக்குச் சாயம் அடித்திருந்தார். கல்யாணத்துக்காகத்தான் அடித்திருப்பார் என்று பட்டது. அவர் மேல் எனக்குப் பாசம் ஒன்றும் கிடையாது, இருந்தாலும் அந்தச் சாயத்தைப் பார்த்தபோது சங்கடமாக இருந்தது.

"இது எப்படிம்மா ஆச்சு?" என்று போனை நீட்டினார்.

திரையைக் காட்டிச் சொன்னேன். உள்ளே ஒரு மேக், வெளியே ஒரு மேக், ஸ்னாப்ஷாட், கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்புவது, எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"திரும்பிப் போயிருச்சுன்னா அதுக்கப்புறம் நடந்தது எதுவுமே இருக்காதா?"

"இருக்காது."

"நல்ல மெஷின்தான்," என்றார்.

உங்களுக்கென்றே செய்த மெஷின்தான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். "நீங்க வந்துருங்க. அம்மா உங்க வாசப்படி ஏறி வந்து கேட்டுச்சு. கார்டுல என்ன இருந்தா என்ன?" என்றேன்.

"செத்தவன் எப்படிம்மா வந்து மணவறையில உட்காருறது? சனங்க என்ன பேசும்? உங்கண்ணனுக்கும் பிடிக்கல. நான் வந்து எதுக்குக் கலாட்டா?"

அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. நடிப்பு இல்லை, உண்மையான வருத்தம்தான். அதற்கு அடியில் நிம்மதியும் இருந்தது. வராமல் இருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அதுவும் அவர் தேடாமல். அண்ணனை ஒரு நாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். பாஸை அந்த வாரமே மன்னித்துவிட்டேன். அந்த நிம்மதியை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. அம்மா அரக்குச் சேலை கட்டியிருந்தார். மேடைக்குக் கட்டிக்கொள்வதற்காகக் கிள்ளானில் தேடித் தேடி எடுத்தது. முகூர்த்தம் நெருங்க நெருங்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தாரை வார்க்கப் பெண்ணைப் பெற்றவர்களைக் கூப்பிடுங்கள் என்று ஐயர் மைக்கில் சொன்னதும் எழுந்துகூட நின்றார். அண்ணன் வந்து, "உட்காரும்மா, நாங்க பார்த்துக்கிறோம்" என்று தோளைத் தொட்டான். மெதுவாகத்தான் தொட்டான். அம்மா விருந்தாளிகளுக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். முன் வரிசைதான்.

நான் பக்கத்தில் இருந்தேன். டுரியான் துங்காலிலிருந்து வந்திருந்த ஒரு தூரத்துச் சொந்தம், எங்களுக்குச் சித்தி முறை, அம்மாவுக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கார்டைப் பார்த்துத்தான்க்கா எங்களுக்கே தெரியும். மாமா எப்பத் தவறுனாரு? ஒரு வார்த்தை சொல்லலையே?"

கேட்டுக்கொண்டிருக்கும்போதே சித்தியின் பார்வை அம்மாவின் நெற்றியில் இருந்த பொட்டுக்குப் போனது, பிறகு கழுத்துக்கு இறங்கியது. அங்கேயே நின்றது. நான் வாயைத் திறந்தேன். அவர் இருக்கிறார், செலண்டாரில் இருக்கிறார், இது கணினி செய்த தப்பு என்று சொல்லத்தான் திறந்தேன். அம்மா என் தொடையில் கை வைத்து அழுத்தினார்.

"கார்டுல போட்டிருக்குல்ல?" என்றார் சித்தியிடம்.

சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டார், தாலி தெரியாதபடி. மேடையில் அண்ணி தங்கையின் கை மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.